நியாயமான நேரம் யாருடையது?

“தானாக் குளிப்பாரா?” “குளிப்பான் சார்.” “தானாச் சாப்பிடுவாரா?” “சாப்பிடுவான்.” “சட்டை கைலியெல்லாம்?” “போட்டுக்குவான் சார், ஆனா...” என்று சித்தி இழுத்தார். மூன்றுக்கும் ஒரே மாதிரிக் குறி விழுந்தது. 2019ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த ஒரு சான்றிதழ் முகாம் அது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வரிசை வராந்தாவைத் தாண்டி வெயிலில் நின்றது, அவருக்கும் நேரமில்லை. சித்தி சொல்ல வந்தது இவ்வளவுதான்: தன் மகன் குளிப்பதற்கு ஒன்றே முக்கால் மணிநேரம் ஆகும்.

அவனுக்கு அப்போது 29 வயது. எனக்குத் தம்பி முறை. தொட்டியில் சொம்பை மொள்ளுவான், மொண்ட கை அப்படியே நிற்கும். அடுப்படியிலிருந்து “ஊத்து சாமி” என்று சித்தி குரல் கொடுப்பார். ஊற்றுவான். அடுத்த சொம்புக்கு அடுத்த குரல். சோப்புக்கு ஒரு குரல், துவட்ட ஒரு குரல். பொத்தான் போடும்போது மூன்றாவது பொத்தானில் நின்றுவிடுவான். யாரும் கூப்பிடாவிட்டால் அங்கேயே நிற்பான், முக்கால் மணிநேரம்கூட. சோம்பேறி என்று ஊர் சொல்லும். திமிர் என்று உறவு சொல்லும். அவனைக் கேட்டால், “கை ஆரம்பிக்க மாட்டேங்குதும்மா” என்பான்.

ஒருநாள் நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவன் பல் விளக்குவதைக் கணக்கெடுத்தேன். 26 நிமிடம். எழுதி வைத்தேன். மறுநாள் 31. மூன்றாம் நாள் அவன் என் கையைப் பார்த்துவிட்டான். அன்று பல்லே விளக்கவில்லை. நிறுத்துகடிகாரத்தோடு தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அந்த மேஸ்திரியை எத்தனை கட்டுரையில் திட்டியிருப்போம். அவன் என் கைக்குள்ளேயே இருந்தான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

★

அன்றாட வேலையைக் குறித்த மருத்துவச் சொல்லாடலில் ‘நியாயமான நேரத்தில்’ என்று ஒரு தொடர் உண்டு. இது எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஐ ஒட்டி, கை கால் இழந்தும் முடங்கியும் திரும்பியவர்களை மறுபடி ‘பயனுள்ள’ ஆட்களாக்கும் மருத்துவம் அமெரிக்காவில் தழைத்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது என்று வீட்டுக்குள் நடக்கும் காரியங்களுக்கெல்லாம் சேர்த்து ‘அன்றாட வாழ்வின் செயல்கள்’ என்று பேர் வைத்து, பட்டியல் போட்டு, மதிப்பெண் போட்டது அந்த மருத்துவம். 1963ல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் தம் குறியீட்டை வெளியிட்டார். 1965ல் மேரிலாந்திலிருந்து மகோனி என்ற மருத்துவரும் பார்த்தல் என்ற இயன்முறை சிகிச்சையாளரும் சேர்ந்து இன்னொன்றை வெளியிட்டார்கள். ‘பார்த்தல் அட்டவணை’ என்று உலகம் முழுக்க இன்றும் புழங்குவது அதுதான். அதில் உண்பது பற்றிய விளக்கத்தைப் படித்தால், நோயாளி தட்டிலுள்ளதைத் தானே எடுத்து, வெட்டி, உப்பு மிளகு தூவிச் சாப்பிட வேண்டும், அதுவும் நியாயமான நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அப்போதுதான் முழு மதிப்பெண். எத்தனை நிமிடம் நியாயம் என்று அங்கே இல்லை. 1980களில் வந்த இன்னொரு அளவுகோல் ஏழு படிகள் வைத்தது. நியாயமான நேரத்தைவிடக் கூடுதலாக எடுத்தால், யார் துணையும் இல்லாமல் செய்தாலும், ஏழிலிருந்து ஆறுக்கு இறங்க வேண்டியதுதான்.

‘நியாயம்’ என்ற சொல் தமிழில் வந்து உட்காரும்போது அதன் கனம் கூடிவிடுகிறது. நம் ஊரில் நியாயம் என்பது பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கும் சங்கதி. இரண்டு தரப்பு இருக்கும். ஆனால் இந்த நேரத்தின் நியாயத்தில் ஒரு தரப்புதான் பேசுகிறது.

அந்தத் தரப்பின் வம்சாவளி தொழிற்சாலைக்குள் போகிறது. 1911ல் ஃபிரெடெரிக் டெய்லர் எழுதிய அறிவியல்முறை மேலாண்மை நூலில் ‘ஷ்மிட்’ என்ற பெயரில் ஒரு தொழிலாளி வருகிறான். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்தவனை 47 டன் சுமக்க வைத்த கதை. நட என்றால் நடக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். இந்த வேலைக்கு ஏற்றவன் மாட்டைப் போல் மந்தமான புத்தி உள்ளவனாக இருக்க வேண்டும் என்று டெய்லர் கூசாமல் எழுதினார். அவருடைய கணக்கில் ‘மந்தன்’தான் வேகமாக வேலை செய்யத் தோதானவன்! புத்தியின் வேகமும் கையின் வேகமும் ஒன்றல்ல என்பதை முதலாளியின் ஆள் அறிந்துதான் வைத்திருந்தார்.

இன்னொரு கிளை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வைன்லாண்ட் என்ற ஊரிலிருந்த ‘மந்த புத்திக்காரர்’ பயிற்சிப் பள்ளியிலிருந்து வருகிறது. ஹென்றி காடர்டு பிரான்சின் பினே சோதனையை அங்கே கொண்டுவந்து, 1910ல் ‘மோரான்’ என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் முட்டாள் என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்ற இனமேம்பாட்டு அரசியல் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அதே வைன்லாண்டில் 1935ல் எட்கர் டால் சமூக முதிர்ச்சி அளவுகோலை உண்டாக்கினார். எந்த வயதில் தானே கை கழுவுகிறது, எந்த வயதில் தானே உடுத்துகிறது என்று கேட்டுக்கொண்டே போகும் கேள்வித்தாள். நாக்பூரில் மாலின் என்பவர் அதை இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றினார். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்கான 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதலிலும் அதே அளவுகோல் இருக்கிறது. சித்தியிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் பூர்வீகம் இதுதான். டாலின் கேள்வியில் காலம் இருக்கிறது, ஆனால் அது வயதின் காலம். குளிக்கத் தெரிந்துகொண்ட வயது எது என்று கேட்கும். தெரிந்தவன் ஒவ்வொரு நாளும் அதற்கு எவ்வளவு செலவு செய்கிறான் என்று கேட்காது. மேரிலாந்தில் இருந்த ‘நியாயமான நேரம்’கூட இங்கே வந்து சேரவில்லை. அங்கே கடிகாரம் குற்றம் சாட்டுகிறது, இங்கே கடிகாரமே காணாமல் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவன் என் தம்பி.

★

இதைப் பேசினால் சில தோழர்கள் உடனே ஒரு பழைய பாட்டை எடுத்துவிடுகிறார்கள். கடிகாரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அதற்கு முன் நம் கிராமத்தில் யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை என்று. ஈ.பி. தாம்ப்சன் 1967ல் எழுதிய கட்டுரை இதற்குக் கைகொடுக்கும். மடகாஸ்கரில் அரை மணியை ‘சோறு வேகும் நேரம்’ என்று சொல்வார்கள் என்பதிலிருந்து தொடங்கி, வேலையை வைத்துக் காலத்தை அளந்த சமூகம் எப்படிக் காலத்தை வைத்து வேலையை அளக்கும் சமூகமாக மாற்றப்பட்டது என்று காட்டுகிறார். நாமும் உலை கொதிக்கிற நேரம், வெத்தலை போடுகிற நேரம் என்று சொன்னவர்கள்தாம். ஆனால் நாழிகை இங்கே வெள்ளைக்காரனுக்கு முந்தியது. அறுபது நாழிகை ஒரு நாள்; ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நீர் ஒழுகும் வட்டிலை வைத்துப் பொழுது அளந்து சொல்லும் ஆட்களை முல்லைப்பாட்டிலேயே பார்க்கலாம். அவர்கள் நிற்கும் இடம் அரசனின் பாசறை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்ச் சீமை. வானம் பார்த்த பூமியில் ஆயிரக்கணக்கான கண்மாய்கள். மடைத் தண்ணீர் முறை வைத்துப் பாயும். இன்னாருக்கு இவ்வளவு நேரம். தன் முறைக்கு வாய்க்காலை வெட்டிவிடத் தாமதித்தவனின் வயல் காயும். தண்ணீருக்காக மண்வெட்டி ஓங்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு. நடவு வயலைப் பாருங்கள். வரிசையாகக் குனிந்து பின்னுக்கு நகர்ந்துகொண்டே நடும் பெண்களில் ஒருத்தி பிந்தினால் வரிசை கோணும், பேச்சு விழும். கிராமத்துக்குக் கடிகாரம் இல்லாமலிருந்திருக்கலாம், முறை இருந்தது. பிந்துகிறவனுக்கு அங்கே ஒரு பேரும் இருந்தது. மந்தம்.

மந்தம் என்பது முதலில் வெறும் மெதுவைக் குறிக்கும் சொல்தான். தென்றலை மந்தமாருதம் என்றால் பாராட்டு. சனிக்கு மந்தன் என்று பேர், வானத்தில் மெதுவாக நகர்வதால். அந்த மெதுவுக்கே நாம் ஏழரை வருடம் பயப்படுகிறோம். மனிதனுக்கு வரும்போது மந்தம் புத்தியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். அறிவு வளர்ச்சிக் குறைவுக்கு நெடுங்காலம் அவர்கள் வைத்திருந்த சொல்லின் வேருக்கும் ‘தாமதப்படுத்துதல்’ என்றுதான் பொருள்.

எல்லோருடைய மெதுவும் மந்தமாகவில்லை என்பதற்கு இந்தச் சீமையிலேயே அத்தாட்சி இருக்கிறது. பேச்சை விட்டு, உடையை மறந்து திரிந்த சதாசிவப் பிரம்மேந்திரரைத் திருவரங்குளம் காட்டுப் பக்கம் விஜயரகுநாதராயத் தொண்டைமான் கண்டு பணிந்தார், அவர் மணலில் மந்திரம் எழுதிக் கொடுத்தார், அந்த மணலை அள்ளி அரண்மனையில் வைத்துப் பூசித்தார்கள் என்பது சமஸ்தான மரபு. 1738ல் நடந்தது என்று குறிப்பார்கள். அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. செத்துப்போனவர்களுக்கு மருத்துவச் சீட்டு எழுதும் வியாபாரம் எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்பது வேறு. பேசாமல், உடுத்தாமல், கூப்பிட்டால் திரும்பாமல் நிற்கும் உடலை யார் எப்படி வாசிக்கிறார்கள்? வேதம் படித்த குடும்பத்திலிருந்து வந்த உடல் அப்படி நின்றால் அது பிரம்மத்தில் லயித்தது. அதே காட்டில் ஆடு மேய்க்கவோ விறகு பொறுக்கவோ போன வீட்டுப் பிள்ளை அப்படி நின்றிருந்தால் மணலை அல்ல, கம்பைத்தான் எடுத்திருப்பார்கள். மெதுவாக இருப்பதற்கும் பிறப்புத் தகுதி பார்க்கப்பட்டது.

★

ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல் தேடியவர்கள் ‘மதியிறுக்கம்’ என்றார்கள், அரசாங்கக் காகிதத்தில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றார்கள். தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போன ஒவ்வொரு பஸ்ஸின் எண்ணையும் சொல்லக்கூடியவனைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்பது என்ன மொழிபெயர்ப்போ. ஆட்டிசம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1943ல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் பொதுவாக இதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். குழந்தைகள் என்பதில்தான் கோளாறு. அந்த நாளிலிருந்து ஆட்டிசம் குழந்தையின் விசயமாகவே கட்டமைக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்கு முப்பது வயதாகும், பொத்தானில் கை நிற்கும் என்பது யாருடைய ஆய்வுக்குள்ளும் வரவில்லை. கானருக்கே திரும்பிப் பார்க்க 28 வருடம் ஆனது. 1971ல் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று எழுதினார். அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் ஒடுங்கிப்போயிருந்தார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனை போலத்தான் இருந்திருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். முதல் குழந்தையாகப் பதிவான டொனால்டு வேறு மாதிரி. மிசிசிப்பி மாநிலத்தில் சொந்தமாக வங்கி வைத்திருந்த குடும்பம். சில வருடங்கள் அவனைப் பக்கத்துப் பண்ணையொன்றில் ஒரு குடியானவத் தம்பதியிடம் விட்டார்கள். சோளப் பயிரின் வரிசையை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தவனிடம், உழுதுகொண்டே எண்ணு என்றார்கள் அவர்கள். கிணற்றின் ஆழம், நீளம், உயரம் என்று அளந்துகொண்டே இருப்பான். கிணறு தோண்டும் வேலையைக் கொடுத்து ஆழத்தைச் சொல்லச் சொன்னார்கள். பின்னாளில் குடும்பத்து வங்கியிலேயே வேலை பார்த்து, ஊர் ஊராகச் சுற்றி, 2023ல் 89 வயதில் இறந்தார். பணம் இருந்தது, வங்கி இருந்தது, ஊர் அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தாயைக் குற்றவாளியாக்கிய காலமும் நடுவில் வந்து போனது. தாயின் மனக்குளிரால்தான் பிள்ளை இப்படி உறைந்துபோகிறது என்று 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கருத்து செத்துவிட்டது. தாயின் மேல் பாரம் மட்டும் இறங்கவில்லை. அன்று அவள் நோயின் காரணம், இன்று அவள் மகனின் கடிகாரம்.

பெரியவர்களின் மெதுவை ஆய்வு நேருக்கு நேர் பார்த்தது 2000த்தில்தான் என்று சொல்லலாம். லோர்னா விங்கும் அமிதா ஷாவும் லண்டனில் தங்களிடம் வந்த 506 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17 சதவீதம் பேரிடம் ஒரே விதமான முடக்கம் கூடிக்கொண்டே வந்திருந்தது. அசைவும் பதிலும் மெதுவாகிவிடுவது, ஒரு காரியத்தைத் தொடங்கவும் முடிக்கவும் முடியாமல் போவது, மற்றவர் தொட்டோ சொல்லியோ தூண்டினால்தான் நகர்வது. படித்தபோது சித்தி வீட்டுக் கொல்லையை யாரோ ஒளிந்திருந்து எழுதியதைப் போல இருந்தது. 2021ல் இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களையே பேசவைத்து இன்னொரு ஆய்வு வந்தது. செய்ய வேண்டும் என்று தெரிகிறது, செய்ய ஆசையும் இருக்கிறது, உடல் கிளம்பவில்லை. கிளம்பிவிட்டால் நிறுத்த முடியவில்லை. வெளியிலிருந்து ஒரு தூண்டல் வந்தால்தான் வழி பிறக்கிறது. ‘கை ஆரம்பிக்க மாட்டேங்குது’ என்று என் தம்பி சொன்ன வாக்கியத்தை அறிவியல் பிடித்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக.

ஆகவே இதைச் சமூகத்தின் கடிகாரம் செய்த சூழ்ச்சி என்று மட்டும் எழுதித் தப்பித்துவிட முடியாது. ஃபூக்கோவைப் படித்துவிட்டு ஒழுங்குபடுத்தப்பட்ட உடலை எதிர்க்கும் உடல் என்று இவனைக் கொண்டாட எனக்கும் ஒரு காலத்தில் கை பரபரத்ததுண்டு. அவன் எதையும் எதிர்க்கவில்லை. குளிர்காலத்தில் ஈரத்தோடு நின்று நடுங்குகிறான். முடிக்கத்தான் விரும்புகிறான்.

★

இனிச் சித்தியின் பக்கம். 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததுதான் அதன் விசேசம். கல்குவாரிக் கூலிப் பெண்கள், செயற்கை வைரம் பட்டை தீட்டும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று சைக்கிள் பழகியவர்கள் லட்சத்தை எட்டியதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். சில குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டதும் அந்த வருடங்களில்தான். இதைப் பெண் விடுதலை என்ற கோணத்திலேயே எழுதி வந்திருக்கிறோம். அது நேரத்தின் வரலாறும்கூட. பஸ்ஸுக்கு நின்றது, தண்ணிக் குடத்தோடு நடந்தது, புருசன் வந்து கூட்டிப்போகக் காத்திருந்தது என்று பெண்களின் நாளில் திருட்டுப்போன மணிநேரங்களை மீட்ட வரலாறு.

சித்தியும் அப்போது வாடகைச் சைக்கிளில் முழங்கால் சிராய்த்துக் கற்றுக்கொண்டவர். கைக்குழந்தையாக இருந்தவன்தான் இந்தத் தம்பி. “சைக்கிள் வந்ததுல ரெண்டு மணி நேரம் மிச்சமாச்சு எனக்கு, குவாரிக்கு நடக்குற நேரம். அதை அப்படியே இவன்ட்ட குடுத்துட்டேன்” என்று சொல்லிச் சிரிப்பார். புகாராகச் சொல்ல மாட்டார். அவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. காலையில் மூன்று மணிநேரம், ராத்திரி ஒன்றரை மணிநேரம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சான்றிதழில் ‘தானே செய்கிறார்’ என்றிருக்கும் ஒவ்வொரு வரியிலும் இந்தக் குரல் அடங்கியிருக்கிறது. குரல் உதவியில் சேராதாம், தொட்டுச் செய்தால்தான் உதவியாம்.

சட்டம் எங்கே நிற்கிறது? 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகை இருந்தது, ஆட்டிசம் இல்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகையை 21 ஆக்கியது, ஆட்டிசத்துக்கும் இடம் கிடைத்தது. அளக்க இந்திய அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. 40 கேள்வி, 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம். பதில் சொல்லத் தாமதமாகிறதா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. ஒரு சட்டையைப் போட எத்தனை நிமிடம், அந்த நிமிடங்களில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேள்வி இல்லை.

தாமதத்துக்குச் சட்டம் ஈடுகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. தேர்வு மண்டபம். 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். என் தம்பி படித்த காலத்தில் அதுவும் இல்லை. பத்துக் கேள்விக்கு இரண்டு எழுதுவான், எழுதிய இரண்டும் சரியாக இருக்கும், எட்டாம் வகுப்போடு நின்றான். மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ‘நியாயமான நேரம்’ பேரம் பேசக்கூடியது, எண்ணாக எழுதி வாங்கக்கூடியது என்று அது காட்டிவிடுகிறது. படிப்பில் ஒப்புக்கொண்டதைக் குளியலறையில் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், தேர்வில் வேலை வாங்குவது அரசாங்கம், குளியலறையில் காத்திருப்பது அம்மா.

உழைப்பின் இடத்தில் நிலைமை இன்னும் சிக்கல். சமூகரீதியில் அவசியமான உழைப்பு நேரம் என்று மார்க்ஸ் 1867ல் எழுதியபோது, சராசரித் திறன், சராசரி மும்முரம் என்பதை முதலாளியத்தின் விதியாகத்தான் சொன்னார், அதற்கு மாலை போடவில்லை. நம் சங்கங்கள் கூலியைப் பேசின, நேரத்தைப் பேசின. சராசரி யார் என்று கேட்கவில்லை. நூறு நாள் வேலை நடந்த வருடங்களில் சித்தியூர்க் கண்மாயில் இதைக் கண்ணால் பார்த்தேன். குழுவாக வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி. அதில் இவனைச் சேர்த்ததும் பெண்கள் முணுமுணுத்தார்கள். “அவனால எங்க அளவு கொறையுதுல்ல.” அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, அளவு முறை ஏழையின் மெதுவுக்கான அபராதத்தைப் பக்கத்து ஏழையிடமே வசூலித்தது. ஊனமுற்றோர் அமைப்புகள் போராடியதில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணிநேர வேலை, முழுக்கூலி, இலகுவான தனி வேலை என்று ஏற்பாடு வந்தது. பல ஊரில் அது காகிதத்தோடு நின்றது. இங்கே ஒரு பணித்தளப் பொறுப்பாளர் விசயம் தெரிந்தவர். அளவிலிருந்து இவனை எடுத்துவிட்டுத் தண்ணி கொடுக்கும் வேலை தந்தார்.

குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு கரையின் தென்கோடியிலிருந்து தொடங்குவான். வருகைப் பதிவேட்டில் பேர் இருந்த வரிசைப்படிதான் கொடுப்பான். ஆள் எங்கே நின்றாலும் தேடிப் போவான். நடுவில் யார் கை நீட்டினாலும் கொடுக்க மாட்டான். தாகத்தில் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு “எனக்கு முன்னாடி யாரு, அவ குடிச்சாச்சா?” என்று கேட்டுத் தங்களுக்குள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் “ஊத்து தம்பி” என்பார்கள். ஊற்றுவான். அறுபது பேருடைய குரல் அங்கே ஒரு அம்மாவின் குரலுக்குப் பதிலாக இருந்தது. அந்த நாட்களில் சித்தி தன் பங்கு மண்ணை நிம்மதியாக வெட்டினார்.

அந்த வேலையும் இப்போது இல்லை. போன தை மாதம் போயிருந்தேன். சித்திக்குத் தொண்டை கட்டியிருந்தது, நாலு நாளாகப் பேச்சு வரவில்லை. எவர்சில்வர் தட்டை மடியில் வைத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுக்கு ஒரு சொம்பு. கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் தட்டட்டுமா என்று வாங்கிக்கொண்டேன். என் தாளம் அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு தட்டுக்கு ஒரு சொம்பாக விழுந்தது. அரைமணி கழித்துத்தான் இருவரும் ஒத்து வந்தோம்.